தலைமறைவான நாஜிகளைத் தேடும் நாவல்கள்: அந்த வேட்டை யாருக்காக?

பழையதாள்:

வணக்கம் நண்பர்களே. போன வாரம் மழையில் வீட்டோடு அடைந்து கிடந்தபோது ஃபிரெடரிக் ஃபோர்சித்தின் 'தி ஒடெஸா ஃபைல்' நாவலை மறுபடி எடுத்தேன். 1972இல் வந்த புத்தகம். கல்லூரிக் காலத்தில் நடைபாதைக் கடையில் வாங்கிய பிரதிதான் இன்னும் இருக்கிறது. அட்டை எப்போதோ போய்விட்டது, தாள்கள் தொட்டாலே உதிர்கின்றன. அன்றைக்கு ஒரே ராத்திரியில் முடித்தேன். இந்த முறை ஐந்து நாள் ஆனது.

முடிவைத் தொடாமல் நான் கேட்க வந்ததைக் கேட்க முடியாது. படிக்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

1963 நவம்பர் 22 இரவு, ஹாம்பர்க். பீட்டர் மில்லர் என்ற 29 வயதுப் பத்திரிகையாளன் காரில் போகும்போது கென்னடி சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டு ஓரங்கட்டுகிறான். ஓர் ஆம்புலன்ஸ் கடந்து போகிறது. தொழில் பழக்கம், பின்னாலேயே போகிறான். சாலமன் டாபர் என்ற யூத முதியவர் தன் அறையில் எரிவாயுவைத் திறந்துவிட்டு இறந்து கிடக்கிறார். இதில் செய்தி ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுகிறான். அப்புறம் போலீஸ்கார நண்பன் ஒருவன் கிழவரின் நாட்குறிப்பைக் கொண்டுவந்து தருகிறான். லாட்வியாவின் ரீகா நகரில் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவில் அவர் பட்டது எல்லாம் அதில் இருக்கிறது. அங்கே கொலைகாரனாகத் திரிந்த எட்வர்ட் ரோஷ்மான் இப்போது ஹாம்பர்க்கில் நன்றாக உடுத்திக்கொண்டு நடமாடுவதைக் கண்ணால் பார்த்ததும் இருக்கிறது. மில்லர் அவனைத் தேடிக் கிளம்புகிறான்.

இருபது வயதில் எனக்குத் தேடல்தான் பெரிதாகத் தெரிந்தது. போலி அடையாளம், கடவுச்சீட்டு தயாரிக்கிறவன், காரில் வைத்த குண்டு. இப்போது படித்தபோது நாட்குறிப்பு வரும் பக்கங்களில் நின்றுவிட்டேன். தன் மனைவி எஸ்தரையே நச்சுப்புகை வண்டிக்குள் ஏற்ற வேண்டிய நிலைக்கு டாபர் வருகிறார். அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

அதனால்தான் முடிவு என்னை உறுத்துகிறது. ரோஷ்மானை நேருக்கு நேர் சந்திக்கும்போது மில்லர் வந்த காரணம் தெரிகிறது. ரீகா துறைமுகத்தில் ரோஷ்மான் சுட்டுக்கொன்ற ஜெர்மன் ராணுவ கேப்டன் மில்லரின் அப்பா. அந்த ஒரு சாவுக்குத்தான் இத்தனை ஓட்டமும். அப்படியானால் டாபர் யார்? கதையைத் தொடங்கி வைக்க ஒரு பிணம், அவ்வளவுதானா? எஸ்தர்?

இந்த வகை நாவல்களை நிறையப் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். செத்தவர்களை மறக்காத நாவல் எது?

வைகைக்கரை:

அண்ணா, நான் இதில் உங்கள் பக்கம் இல்லை.

அந்தத் திருப்பத்தை நானும் முதலில் வெறும் விறுவிறுப்புக்கு என்றுதான் நினைத்தேன். கதை நடக்கும் காலத்தைப் பாருங்கள். 1963 கடைசி. ஃபிராங்ஃபர்ட்டில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமின் ஆட்கள் மீதான வழக்கு தொடங்கியதே அந்த டிசம்பர் 20ஆம் தேதி. மில்லர் வயசுப் பையன்களிடம் வீட்டில் யாரும் எதையும் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை. 'யூதர்களுக்காக நீ ஏன் அலைகிறாய்?' என்று நாவல் முழுக்க ஆளாளுக்கு மில்லரைக் கேட்கிறார்கள். அம்மா கேட்கிறாள், பத்திரிகை ஆசிரியர் கேட்கிறார். அந்த ஊரில் அந்த நேரத்தில் ஒருவனைக் கிளப்ப அப்பாவின் சாவுதான் தேவைப்பட்டது என்று ஃபோர்சித் காட்டுவதாக நான் எடுத்துக்கொள்கிறேன். அது நாவலின் குறை இல்லை. அந்தச் சமூகத்தின் குறை.

சதுரங்கன்:

ஒரு சின்னச் சந்தேகம். நாவலில் பழைய நாஜிகளைக் காப்பாற்றும் ஒடெஸா என்ற ரகசிய அமைப்பு நிஜமாகவே இருந்ததா? ரோஷ்மான் கற்பனைப் பாத்திரமா?

நூலகப்பூனை:

ரோஷ்மான் நிஜ ஆள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்துக்காரன். 1943இலிருந்து ரீகா கெட்டோவின் தலைமை அதிகாரியாக இருந்தவன். அர்ஜென்டினாவுக்குத் தப்பி ஃபெடரிகோ வெகனர் என்ற பெயரில் வாழ்ந்தான். ஃபோர்சித்துக்குத் தகவல் தந்து உதவியவர், தலைமறைவான நாஜிகளைத் தேடிய சைமன் வீசென்டால். கேப்டனைச் சுட்ட சம்பவம் மட்டும் கதைக்காகச் சேர்த்தது.

ஒடெஸா விஷயம் கொஞ்சம் சிக்கல். அந்தப் பெயர் 1946லேயே அமெரிக்க ராணுவ உளவுத்துறைக் காகிதங்களில் வருகிறது. ஆனால் நாவலில் வருவதுபோல ஒரே தலைமை, ஒரே கஜானா, நாடு முழுக்கக் கைகள் என்று ஓர் அமைப்பு இருந்ததற்கு வரலாற்றாசிரியர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நிஜத்தில் நடந்தது இன்னும் சாதாரணமானது, எனக்கு இன்னும் வேதனையானது. ரோமில் ஆலோயிஸ் ஹூடால் என்ற பிஷப் கை கொடுத்தார். செஞ்சிலுவைச் சங்கத்தின் பயணத்தாளை வேறு பெயரில் வாங்கிக்கொண்டார்கள். ஜெனோவா துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். அந்தப் பக்கம் அதிபர் பெரோனின் அர்ஜென்டினா வரவேற்றது. யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய ஐக்மன் 1950இல் போனது இப்படித்தான். பெரிய ரகசிய இயக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அங்கங்கே சிலர் உதவினார்கள், பலர் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். அதுவே போதுமாக இருந்தது.

பழையதாள் சார் கேட்டதற்கு வருகிறேன். என் பதில் ஐரா லெவினின் 'தி பாய்ஸ் ஃப்ரம் பிரேசில்', 1976. ஆஷ்விட்ஸில் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் சோதனை செய்த நாஜி மருத்துவன் மெங்கெலெ பிரேசிலில் இருந்துகொண்டு 94 பேரைக் கொல்ல உத்தரவிடுகிறான். எல்லாருக்கும் வயது 65 ஒட்டி, எல்லாரும் சின்ன அரசு வேலைக்காரர்கள். ஏன் என்று தெரியாது. இதைத் துப்பறிகிறவர் யாகோவ் லீபர்மான் என்ற வியன்னாக் கிழவர். வீசென்டாலைப் பார்த்துச் செதுக்கிய பாத்திரம். அவர் கையில் காசு இல்லை, உடம்பு முடியவில்லை, உலகம் அவரை மறந்துகொண்டிருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு விதவையின் வீட்டுக் கதவாகத் தட்டுகிறார்.

முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த 94 பேரின் வீடுகளில் வளரும், ஹிட்லரின் நகல்களாக உருவாக்கப்பட்ட சிறுவர்களின் பட்டியல் கடைசியில் அவர் கைக்கு வருகிறது. அவர்களைத் தீர்த்துவிடலாம் என்று அவர் பக்கத்து ஆட்களே கேட்கிறார்கள். அவர் அதைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார். குழந்தைகளைக் கொல்வது அவர்கள் செய்த வேலை, நாம் செய்வதில்லை என்று நிற்கிறார். ஆளைப் பிடிப்பதோடு வேட்டைக்காரனின் வேலை முடிவதில்லை, எங்கே நிற்க வேண்டும் என்றும் அவனுக்குத் தெரிய வேண்டும். செத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எது?

இரவுப்பணி:

அக்கா, அந்த நாவல் வெளிவந்த 1976இல் மெங்கெலெ உயிரோடு இருந்தான் என்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அதுவும் அதே பிரேசிலில். 1911இல் பிறந்தவன், அந்த வருடம் அவனுக்கும் சரியாக 65.

நாவலில் மெங்கெலெ வெள்ளை உடையில் கம்பீரமாக வருகிறான். நிஜத்தில் சாவோ பாவ்லோவின் ஓரத்தில் ஒரு சின்ன வீட்டில், வியாதியோடு, தெரிந்த ஒன்றிரண்டு குடும்பங்களின் தயவில் கிடந்தான். 1979 பிப்ரவரி 7ஆம் தேதி பெர்ட்டியோகா கடற்கரையில் குளிக்கும்போது பக்கவாதம் வந்து மூழ்கிப்போனான். வுல்ஃப்காங் கெர்ஹார்ட் என்ற பெயரில் எம்பு என்ற ஊரில் புதைத்தார்கள். அது வெளியே தெரிந்து குழியைத் தோண்டியது 1985 ஜூனில். அந்த ஆறு வருடமும் உலகம் ஒரு பிணத்தைத் தேடியிருக்கிறது. மரபணுச் சோதனையில் உறுதியானது 1992இல்.

நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். பிரசவ வார்டில் இரட்டைக் குழந்தைகளைத் துடைத்துத் தாயிடம் கொடுக்கும்போதெல்லாம் இவன் ஞாபகம் வந்துவிடுகிறது. அவனும் டாக்டருக்குப் படித்தவன். அவன் கூண்டில் ஏறவே இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு நாவல் தரும் முடிவு வேண்டியிருக்கிறது. வேட்டை நாய்கள் அவன் மேல் பாய்கிற அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்திருக்கிறேன்.

பனங்கூடல்:

வணக்கம். நான் ஜெர்மனிக்கு வந்து 24 வருசம். ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். பக்கத்திலேயே லுட்விக்ஸ்பர்க். நாஜிக் குற்றங்களை விசாரிக்கிற மத்திய அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. 1958 டிசம்பரில் தொடங்கினது. முன்பு பெண்கள் சிறைச்சாலையாக இருந்த பழைய கட்டடம்.

ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தேன். துப்பாக்கியும் இல்லை, ரகசிய அறையும் இல்லை. அட்டைகள். அலுமாரி அலுமாரியாக, இழுப்பறை இழுப்பறையாக, கிட்டத்தட்ட 17 லட்சம் அட்டைகள். ஆளின் பெயருக்கு ஒன்று, ஊரின் பெயருக்கு ஒன்று, படைப்பிரிவுக்கு ஒன்று. ஒருவன் 'நான் அந்த ஊரிலேயே இல்லை' என்று சொன்னால் ஊர் அட்டையை எடுப்பார்கள், அதிலிருந்து படைப்பிரிவு, அதிலிருந்து மற்றவர்களின் சாட்சியம். மூன்றும் ஒரு இடத்தில் வந்து முட்டும். இந்த அலுவலகம் தானே வழக்குப் போட முடியாது. ஆரம்ப விசாரணையைச் செய்து அந்தந்த ஊர் அரசு வழக்கறிஞருக்கு அனுப்ப வேண்டும். அங்கே எத்தனை கோப்பு தூங்கியது என்பது வேறு கதை.

நாவலாசிரியர்கள் யாரும் அந்த அட்டையைத் திருப்புகிற விரலைப் பற்றி எழுதவில்லை என்பதுதான் என் மனக்குறை.

இன்னொன்று. நான் வேலைக்குப் போகிற தெருவில் நடைபாதைக் கல்லோடு கல்லாகப் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கு. இங்கே வாழ்ந்தவர், பெயர், பிறந்த ஆண்டு, எங்கே கொண்டுபோனார்கள், எப்போது கொன்றார்கள். நான் போகிற வழியில் இருக்கிற ஒன்றில் ரீகா என்று போட்டிருக்கு. ஸ்டுட்கார்ட்டிலிருந்து 1941 டிசம்பரில் ஒரு ரயில் அங்கே போனது. மழை பெய்தால் அந்தத் தகடு மினுங்கும். அதைத் தாண்டிப் போகிற நாட்களில் டாபரைப் போல எத்தனை பேர் ஒரு நாட்குறிப்பும் எழுதாமல் போனார்கள் என்று நினைப்பேன்.

பழையதாள்:

பனங்கூடல், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

வைகைக்கரை சொன்னதை யோசித்தேன். 'சமூகத்தின் குறை' என்பது சரிதான். ஆனாலும் ஃபோர்சித் அதை ஒரு கடைசி நேர ஆச்சரியமாக ஒளித்து வைத்திருக்கிறார். 300 பக்கம் நான் டாபருக்காகத்தான் போகிறோம் என்று நம்பிக் கூடவே போனேன். அந்த நம்பிக்கையை வாங்கிவிட்டுக் கடைசியில் வேறு கணக்கைக் காட்டுகிறார் என்பதில் என் வருத்தம் குறையவில்லை.

வைகைக்கரை:

சரி, நிஜத்தில் எப்படி நடந்தது என்று பார்ப்போம் அண்ணா. ஐக்மன் விவகாரத்தில் முதல் துப்பு யார் கையில் இருந்தது தெரியுமா? லோதர் ஹெர்மன். டாஹாவ் முகாமில் அடைபட்டிருந்தவர், பார்வையை இழந்தவர். அர்ஜென்டினாவில் குடியேறியிருந்தார். அவருடைய மகளோடு பழகிய ஒரு பையன் யூதர்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுகிறான். பையனின் குடும்பப் பெயர் ஐக்மன். அப்பாவுக்குப் பொறி தட்டுகிறது. மகள் தைரியமாக அந்த வீட்டுக்கே போகிறாள். அங்கே இருந்தவர் தன்னைச் சித்தப்பா என்கிறார், பையன் பேச்சுவாக்கில் அப்பா என்று கூப்பிட்டுவிடுகிறான்.

ஹெர்மன் ஜெர்மனியில் ஹெஸ்ஸே மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பவருக்குக் கடிதம் போடுகிறார். பவரும் யூதர், முகாமில் இருந்தவர். தன் நாட்டு அதிகாரிகளிடம் சொன்னால் ஐக்மனுக்கு எச்சரிக்கை போய்விடும் என்று பயந்து 1957இல் இஸ்ரேலுக்குச் சொல்கிறார். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஏழை வீட்டில் ஐக்மன் இருக்க மாட்டான் என்று விட்டுவிடுகிறார்கள்! பவர் விடவில்லை. மறுபடி போய்ச் சொல்கிறார்.

கடைசியில் அடையாளம் உறுதியானது ஒரு பூங்கொத்தால். 1960 மார்ச் 21, ஐக்மனின் 25ஆவது திருமண நாள். ரிக்கார்டோ கிளெமென்ட் என்ற பெயரில் இருந்த மனிதர் பூவோடு வீட்டுக்குப் போவதைக் கண்காணித்தவர்கள் பார்க்கிறார்கள். மே 11 இரவு இஸ்ரேலிய உளவாளிகள் அவன் வீடு இருந்த கரிபால்டி தெருவில் காத்திருக்கிறார்கள். வழக்கமான பஸ்ஸில் ஆள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. எட்டு மணி தாண்டி ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறான். பிடிக்க வேண்டிய பீட்டர் மால்கின் கையுறை போட்டிருந்தார். குளிருக்கு மட்டும் அல்ல, அந்த வாயைத் தன் வெறுங்கையால் பொத்த மனம் வரவில்லை என்று பின்னால் எழுதினார்.

பாருங்கள், இதில் ஹெர்மனுக்கும் சொந்த வலி இருக்கிறது, பவருக்கும் இருக்கிறது, மால்கினுக்கும் இருக்கிறது. மால்கினின் அக்காவும் அவளுடைய குழந்தைகளும் போலந்திலேயே கொல்லப்பட்டவர்கள். சொந்த வலி இருந்தால் மற்றவர்களை மறந்துவிட்டதாக அர்த்தமா? ஜெருசலேமில் நடந்த வழக்கில் நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் எல்லாருக்காகவும் வந்து பேசினார்களே.

சதுரங்கன்:

இந்த நாவல்கள் எதிலாவது தவறான ஆளைப் பிடித்துவிடுகிறார்களா? எல்லாவற்றிலும் கதாநாயகன் சந்தேகப்படுவது சரியாகவே இருந்துவிடுகிறது. அதுதான் எனக்கு ஒட்டவில்லை.

நூலகப்பூனை:

நல்ல கேள்வி. வில்லியம் கோல்ட்மனின் 'மாரத்தான் மேன்' நாவலில் முகாம் பல் மருத்துவன் ஸெல் வைரம் விலை விசாரிக்க நியூயார்க் 47ஆவது தெருவில் நடக்கும்போது பிழைத்து வந்த ஒரு மூதாட்டி அவனை அடையாளம் கண்டு கத்துகிறாள். கூட்டம் அவளைப் பைத்தியம் என்று நினைக்கிறது. நமக்கோ அவள் சொல்வது உண்மை என்று முன்பே தெரியும். அதனால் பதற்றம் முழுக்க 'அவனா, இல்லையா' என்பதில் இல்லை, 'யாராவது நம்புவார்களா' என்பதில் இருக்கிறது. மிக நல்ல காட்சி. ஆனால் நீங்கள் கேட்டது அதற்கு அந்தப் பக்கம்.

அதற்கு நிஜத்தில் ஜான் டெம்யான்யுக் இருக்கிறார். அமெரிக்காவில் கார் தொழிற்சாலைத் தொழிலாளி. போலந்தில் இருந்த டிரெப்ளிங்கா கொலை முகாமில் 'பயங்கர இவான்' என்று அழைக்கப்பட்ட காவலன் இவர்தான் என்று பிழைத்தவர்கள் இஸ்ரேல் நீதிமன்றத்தில் கை நீட்டிச் சொன்னார்கள். 1988இல் மரண தண்டனை. பிறகு சோவியத் ஆவணங்கள் வெளிவந்தன, அந்த இவான் வேறு ஆளாக இருக்கலாம் என்று. 1993இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே தண்டனையை ரத்து செய்து அனுப்பியது. அந்தச் சாட்சிகள் பொய் சொன்னவர்கள் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் தூங்க விடாத ஒரு முகத்தை எதிரே இருந்தவர் முகத்தில் பார்த்தார்கள். அதை நினைத்தால் அவர்களுக்காகவும் அழுகை வருகிறது.

கதை அங்கேயும் முடியவில்லை. அதே மனிதர் சோபிபோர் முகாமில் காவலராக இருந்தார் என்று 2011இல் மியூனிக் நீதிமன்றம் சொன்னது. 28,060 கொலைகளுக்கு உடந்தை. மேல்முறையீடு முடிவதற்குள் 2012இல் இறந்தார். இந்த அளவு குழப்பத்தைத் தாங்கும் ஒரு நாவலை யாராவது எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசைப்படுகிறேன்.

இரவுப்பணி:

நாவல் இல்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபிரான்ஸ் ஸ்டாங்கல், டிரெப்ளிங்காவின் தலைமை அதிகாரி. பிரேசிலில் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலையில் வேலை பார்த்தான், சொந்தப் பெயரில்! 1967இல்தான் பிடித்தார்கள். ஆயுள் தண்டனை. சிறையில் அவனோடு கிட்டா செரெனி என்ற பத்திரிகையாளர் 70 மணி நேரம் பேசினார். கடைசிப் பேச்சில்தான் 'என் குற்றம்' என்ற வார்த்தையை அரைகுறையாக வாயிலிருந்து விட்டான். அடுத்த 19 மணி நேரத்தில் மாரடைப்பில் செத்தான். என் கண்ணுக்கு இதுவும் ஒரு வேட்டைதான். ஆளைப் பிடித்தபிறகு நடந்த வேட்டை.

முன்பு நாய்கள் பாயும் பக்கத்தை மூன்று முறை படித்தேன் என்று எழுதினேன். செரெனியின் புத்தகத்தை ஒரே ஒரு முறைதான் படிக்க முடிந்தது.

பனங்கூடல்:

கடைசி ஓட்டம் எது என்று கேட்டால் நான் 2021ஐச் சொல்வேன். ஸ்டுட்ஹோஃப் முகாமில் தட்டச்சு வேலை பார்த்த இர்ம்கார்ட் ஃபுர்க்னர், 96 வயது. வழக்கு தொடங்குகிற காலையில் முதியோர் இல்லத்திலிருந்து டாக்சி பிடித்துப் போய்விட்டார். சில மணி நேரத்தில் ஹாம்பர்க்கில் பிடித்தார்கள். குற்றம் நடந்தபோது அவருக்கு 18, 19 வயது என்பதால் சிறார் நீதிமன்றத்தில் விசாரித்தார்கள். 10,505 கொலைகளுக்கு உடந்தை என்று தீர்ப்பு. தண்டனை இரண்டு வருடம், அதுவும் சிறைக்குப் போகத் தேவையில்லாமல்.

'இவ்வளவு வயதில் இது தேவையா' என்று இங்கே வேலையிடத்தில் கதைத்தார்கள். சாட்சி சொல்ல வந்தவர்களுக்கும் தொண்ணூறு வயதுதானே என்று கேட்டேன். பதில் வரவில்லை.

நூலகப்பூனை:

பழையதாள் சார், ஒன்று கேட்க வேண்டும். டாபரை நாவல் மறந்துவிட்டது என்று முதலிலிருந்தே சொல்கிறீர்கள். கடைசிப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே?

பழையதாள்:

எந்தக் கடைசிப் பக்கம்? ரோஷ்மான் தப்பி அர்ஜென்டினாவுக்குப் போகிறான், ரகசியக் கோப்பில் பெயர் இருந்த ஒடெஸா ஆட்கள் சிக்குகிறார்கள், அவர்கள் உதவிய எகிப்தின் ராக்கெட் திட்டம் படுத்துவிடுகிறது. அதோடு முடிகிறது.

நூலகப்பூனை:

இல்லை சார். அதற்கப்புறம் இருக்கிறது. இஸ்ரேலிய அதிகாரி ஒருவர் நாட்குறிப்போடு ஜெருசலேம் யாத் வாஷெம் நினைவகத்துக்குப் போகிறார். தனக்காகக் காதிஷ் சொல்ல யாரும் இல்லை என்று டாபர் அதில் எழுதியிருந்தார் இல்லையா? இறந்தவர்களுக்காக மகன் சொல்ல வேண்டிய பிரார்த்தனை. அந்த அதிகாரி அங்கே நின்று டாபருக்காக அதைச் சொல்கிறார். நாவல் முடிவது அங்கேதான்.

பழையதாள்:

இப்போதுதான் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். என் பிரதியில் கடைசித் தாள் இல்லை. முதுகில் கிழிந்த விளிம்பு மட்டும் இருக்கிறது. வாங்கும்போதே இல்லாமல் இருந்திருக்க வேண்டும். முப்பது வருடமாக நான் வேறு ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா, உங்களிடம் இருக்கும் பிரதியில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்ப முடியுமா? கையால் எழுதி என் பிரதியில் ஒட்டி வைக்கப் போகிறேன்.

பனங்கூடல், ரீகா என்று போட்ட அந்தத் தகட்டில் இருக்கும் பெயரை அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது பார்த்துச் சொல்லுங்கள். அதையும் கீழே எழுதி வைக்கிறேன்.

பனங்கூடல்:

நாளைக்குக் காலை ஆறரைக்கு வேலைக்குப் போவேன். பார்த்து எழுதுகிறேன்.